பாறு: பிணந்தின்னிக் கழுகின் சரியான பெயர்

குளச்சல் துறைமுகத்தில் வட்டமடிக்கும் செம்பருந்தைப் பார்த்தாலே "அந்தா கழுகு" என்பார்கள். செய்திகளிலோ செத்த மாட்டைத் தின்னும் பறவைக்கும் கழுகு என்றுதான் பெயர். காலைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். செம்பருந்து தண்ணீரில் மிதக்கும் மீனைக் காலாலேயே கவ்வித் தூக்கி, பறந்தபடியே கொத்தித் தின்னும். செத்ததைத் தின்னும் பறவைக்கு அந்தப் பிடி கிடையாது; அதன் கால் நடப்பதற்கும் இரைமேல் ஏறி நிற்பதற்கும்தான். இந்தப் பறவைக்குத் தமிழில் பாறு என்று பெயர்.

பாறு, அதன் இன்னொரு பெயரான எருவை, இரண்டுமே சங்கப் பாட்டில் வரும் சொற்கள். பாறுதல் என்றால் சிதறுதல், ஓடுதல். எருவை என்ற சொல்லுக்குச் செம்பு, குருதி என்ற பொருள்களும் உண்டு. புறநானூற்றில் வரும் 'செஞ்செவி எருவை' செந்தலைப் பாறுதான் என்பது என் எண்ணம். அதன் காதோரம் சிவந்த தோல்மடிப்பு தொங்குவதைப் பார்த்தவர் வேறு பெயர் தேட மாட்டார்.

சரி, கழுகு? அதுவும் முதலில் இந்தப் பறவையைத்தான் குறித்தது. திருக்கழுக்குன்றத்தில் சோறு தின்ன வந்த கழுகுகள் மஞ்சள்முகப் பாறுகள். சடாயுவைக் கம்பர் கழுகு என்றும் சொல்கிறார், எருவை என்றும் சொல்கிறார். மலையாளத்தில் இன்றும் கழுகன் என்றால் பாறுதான். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. ஆங்கில ஈகிளுக்கும் கழுகு என்று எழுதப்போய், பாறுகளைப் பிரித்துச் சொல்லப் 'பிணந்தின்னி' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. நோய் பரவாமல் ஊரைக் காக்கும் பறவைக்கு வசவு மாதிரி ஒரு பெயர். எனக்கு இது பொறுக்கவில்லை.

பாறு சிறகடிப்பது குறைவு. வெயில் ஏறி நிலம் சூடானதும் மேலெழும் காற்றில் அகன்ற சிறகை விரித்து, வட்டம் போட்டே உயரும். நம் நாட்டுப் பாறுகள் இரையைக் கண்ணால்தான் தேடுகின்றன. கீழே தரையைப் பார்ப்பது பாதி, தூரத்தில் பறக்கும் மற்ற பாறுகளைப் பார்ப்பது பாதி. ஒன்று இறங்கினால் அடுத்தது திரும்பும். அதைக் கண்டு இன்னும் தொலைவில் இருப்பதும் வரும். கடலுக்கு அப்பால் இலங்கையில் சீதை இருப்பதைச் சடாயுவின் அண்ணன் சம்பாதி கண்டு சொன்ன கதையும், அனுமன் தாவியதாக நாம் சொல்லும் மகேந்திரகிரியும் எங்கள் குமரிப் பக்கத்துக்கு அந்நியமில்லை. பாறின் கண்ணை அறிந்தவர்கள் கட்டிய கதை அது.

தின்னும் இடத்திலும் குணம் வேறுபடும். வெண்முதுகுப் பாறு கூட்டமாக இறங்கி, நெருக்கியடித்துக்கொண்டு, முடியில்லாத கழுத்தை உடலுக்குள் விட்டு இழுக்கும். மரங்களில் பக்கம் பக்கமாகக் கூடு கட்டும். செந்தலைப் பாறு பெரும்பாலும் தனியாகவோ இணையோடோ வரும். மஞ்சள்முகப் பாறு ஓரமாக நின்று மிச்சத்தைப் பொறுக்கும்.

அப்புறம், மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி மருந்து இவற்றைக் கொன்றது. அந்த மாட்டின் இறைச்சியைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவது 2006இல் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பக்கம் போக வேண்டும்.

சிலர் 'பாறு கழுகு' என்று எழுதுகிறார்கள். பழகும் வரை அது உதவும், தவறில்லை. ஆனால் பாறு என்று மட்டும் எழுதினாலே போதும். ஈகிளுக்குக் கழுகு, ஆங்கிலத்தில் கைட் (kite) எனப்படும் பறவைக்குப் பருந்து.