உற்பத்தித்திறன்: மகசூலிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டிய சொல்

வேளாண்மைச் செய்திகளில் மகசூல் என்று எழுத வேண்டிய இடத்தில் உற்பத்தித்திறன் என்றும், அதற்கு மாறாகவும் எழுதிவிடுகிறார்கள். இதில் உழவர் போட்ட செலவு கண்ணில் படாமல் போய்விடுகிறது.

மகசூல் அரபுச் சொல். 'பெறு, திரட்டு' என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்த 'மஹ்சூல்', பாரசீகம், உருது வழியாக வரிக் கணக்கோடு நம்மிடம் வந்து சேர்ந்தது. தாசில்தாரில் இருக்கும் தாசிலுக்கும் இதே வேர்தான். (வசூல் கேட்பதற்கு நெருக்கமாக இருந்தாலும் அதன் வேர் வேறு.) நிலத்திலிருந்து எவ்வளவு திரண்டது என்பதோடு மகசூலின் வேலை முடிந்தது. அதற்குத் தமிழில் விளைச்சல் இருக்கிறது. குறளில் 'விளையுள்' என்று வருகிறது. களத்தில் அடித்து, தூற்றி, அளந்து முடித்த மொத்த நெல்லுக்குக் கண்டுமுதல் என்று அருமையான பெயரும் உண்டு.

உற்பத்தி வடசொல், 'தோன்றுதல், பிறத்தல்' என்பது அதன் பொருள். அதோடு தமிழ்த் 'திறன்' சேரும்போது கேள்வியே மாறுகிறது: போட்டதற்கு வந்தது எவ்வளவு? நிலம், தண்ணீர், உரம், ஆள் கூலி, டீசல் எல்லாம் போட்டதில் சேரும். ஏக்கருக்கு 25 மூட்டை கண்டவர், உரத்தையும் தண்ணீரையும் இரட்டித்து 30 மூட்டை கண்டார் என்று வையுங்கள். விளைச்சல் கூடியிருக்கிறது. திறன் கூடியது என்று சொல்ல முடியுமா?

சரி, வளரும் நாடுகளில் இந்தத் திறன் எதனால் கூடியது? ஒன்று, விதை. பழைய நெட்டை நெல்லுக்கு உரம் போட்டால் தாள்தான் ஓங்கும். கதிர் முற்றும்போது பயிர் சாய்ந்துவிடும். இந்தோனேசியாவின் பேட்டா ரகத்தைத் தைவானின் குட்டை ரகத்தோடு சேர்த்து, பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-இல் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. அது சாயவில்லை. போட்ட உரம் மணியாக மாறியது. விலை கொடுத்து வாங்கிய அதே ஒரு கிலோ யூரியாவுக்குக் கூடுதல் நெல் கிடைத்தது. திறன் என்பது இதுதான்.

வியட்நாமில் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. கூட்டுப்பண்ணையில் பாடுபட்டவருக்குத் தன் உழைப்பின் பலன் கைக்கு வராத நிலை இருந்தது. 1988-இல் அரசு நிலத்தை நீண்ட காலப் பயன்பாட்டுக்குக் குடும்பங்களிடம் ஒப்படைத்தது. அரிசியை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு, அடுத்த ஆண்டே 10 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. அதே வயல், அதே ஆட்கள். விதை, உரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. அப்புறம் பாசனம், சாலை, புதிய முறைகளை உழவரிடம் கொண்டுசேர்க்கும் வேளாண் விரிவாக்கப் பணி ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு.

தமிழில் எப்படிச் சொல்வது? உற்பத்தித்திறன் பாடநூல்களில் ஊன்றிவிட்டது, தவறில்லை. ஆனால் வேளாண்மைக்கு 'விளைதிறன்' இன்னும் பொருந்தும் என்பது என் எண்ணம். விளைநிலம், விளைபொருள் என்று ஏற்கெனவே புழங்கும் குடும்பத்தில் அது இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். களத்துமேட்டில் "கண்டுமுதல் எவ்வளவு?" என்று கேட்டதும் "செலவு போக?" என்று அடுத்த கேள்வி வருமே, விளைதிறன் அந்த இரண்டாவது கேள்விக்கான சொல்.