மோர் ஊற்றிய தகர வாளி

சித்திரை வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கத் தொடங்கினால், தண்ணீரில் கொஞ்சம் மோர் கலந்து வைப்பார்கள். நல்ல பழக்கம்தான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சு வழியே நீரை ஆவியாக்கித்தான் உடல் சூட்டைத் தணித்தாக வேண்டும். சாதாரண நாளிலேயே தின்னும் தீவனத்தைப் போல இரண்டு மடங்கு எடைக்குத் தண்ணீர் குடிக்கும். கோடையில் இன்னும் நிறைய. ஆனால் அந்த மோரை எதில் ஊற்றுகிறோம்?

தகர வாளி என்று நாம் சொல்வது பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பு. காற்றும் ஈரமும் பட்டு அதன்மேல் சாம்பல் நிறப் படலம் ஒன்று படியும். வெறும் தண்ணீர் ஊற்றும்வரை உள்ளிருக்கும் உலோகத்தை அது ஓரளவு காக்கும். மோரில் இருக்கும் லாக்டிக் அமிலம் முதலில் அந்தப் படலத்தைக் கரைக்கும். அப்புறம் துத்தநாகத்தையே கரைத்துத் தண்ணீரில் இறக்கிவிடும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் செய்வது இதே வேலைதான். துத்தநாகம் கோழிக்கு வேண்டிய சத்துதான், ஆனால் துளியளவு. மீறினால் கணையமும் அரைவைப்பையும் புண்படும். இரை எடுப்பது குறையும், முட்டையும் குறையும். உரிந்து விழும் பூச்சுச் செதில்களை, இரையை அரைக்க விழுங்கும் கல் என்று கொத்தி விழுங்கினால் இன்னும் மோசம். அரைவைப்பையிலேயே தங்கி, அங்குள்ள அமிலத்தில் நாள்கணக்கில் கரைந்துகொண்டிருக்கும்.

மோருக்கு மண்சட்டிதான் என் கட்சி. நீர் கசிந்து ஆவியாவதால் குளுமையும் இலவசம். அதே நுண்துளைகளில் அழுக்கும் குடியேறும் என்பதால் தினமும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

பிளாஸ்டிக் புளிப்புக்கு அசையாது. வெளிச்சம் புகாத நிறமாக இருந்தால் பாசியும் பிடிக்காது. பூச்சிமருந்து வந்த கேன் மட்டும் கூடவே கூடாது: மருந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறியிருக்கும், எத்தனை முறை கழுவினாலும் மெல்லக் கசியும்.

குஞ்சுகள் அகலச் சட்டியில் விழுந்து நனையும், மூழ்கியும் போகும். அவற்றுக்கு, வாய் விளிம்பருகே துளையிட்டு, நீர் நிரப்பித் தட்டில் கவிழ்த்து வைக்கும் ஜாடிதான் சரி. தட்டில் நிற்கும் நீரைக் காற்றழுத்தம் அழுத்துவதால் ஜாடி நீர் இறங்காது. குஞ்சு குடித்து மட்டம் துளைக்குக் கீழே போனதும் ஒரு காற்றுக்குமிழி உள்ளே ஏறும், அந்த அளவுக்கு நீர் இறங்கி மட்டம் மறுபடி துளையை மூடும். தட்டு வழிந்துகொண்டே இருந்தால் தட்டைக் குறை சொல்லாதீர்கள். ஜாடியின் மேல்பக்கத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள்.