கன்னியாவில் கிணறு, பாரிஸில் றேடியேற்றர்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஒன்றில் வாளியால் அள்ளி யோசிக்காமல் தலையில் ஊற்றலாம்; அடுத்ததில் முதலில் காலில் ஊற்றிப் பார்ப்பது நல்லது. தாயின் கிரியைக்காக இராவணன் நிலத்தைக் குத்தினான் என்பது கதை. எரிமலையும் காரணமில்லை, அப்படி ஒன்று இலங்கையில் கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்குகிறது. கீழே போகப் போகக் கிலோமீற்றருக்குச் சுமார் 25 முதல் 30 பாகை சூடு கூடும். அங்கே சூடேறிய நீர் ஆறமுதல் வேறொரு வெடிப்பால் மேலே வந்துவிடுகிறது.

வெடிப்பு தானாக அமையாத ஊரில் துளை போட வேண்டியதுதான். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் பாரிஸ் புறநகரான லாகூர்நெவ்வில் பல மாடிவீடுகளின் றேடியேற்றர், அதாவது குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் வெந்நீர்ச் சாதனம், சூடாவது அப்படித்தான். அந்தப் பகுதியில் ஒன்றரை முதல் இரண்டு கிலோமீற்றர் ஆழத்துச் சுண்ணாம்புப் பாறையில் 55 முதல் 85 பாகை வரை சூடான நீர் இருக்கிறது.

அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் வருவதே இல்லை. அது உப்பு நீர், குழாயை அரித்துவிடும். மெல்லிய உலோகத் தகடுகளின் ஒரு பக்கம் அது ஓடும், மறுபக்கம் நல்ல நீர் ஓடும். தகட்டைத் தாண்டுவது சூடு மட்டும். சூடேறிய நல்ல நீர்தான் தெருவுக்கடியில் காப்புறையிட்ட குழாய்களில் வீடு, பாடசாலை, நீச்சல்குளம் என்று சுற்றித் திரும்புகிறது. ஆறிய உப்பு நீரை இரண்டாவது துளையால் அதே பாறைக்குள் தள்ளிவிடுவார்கள். இரண்டு துளைகளின் அடிப்பகுதியும் கிட்டவாக இருந்தால் ஆறிய நீர் சீக்கிரமே முதல் துளைக்கு வந்துசேரும். அதனால் மேலே அருகருகே தொடங்கினாலும் கீழே ஒரு கிலோமீற்றருக்கு மேல் விலகும்படி சாய்த்துத் துளைப்பார்கள். எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே இந்தச் சாய்வுதான்.

ஐஸ்லாந்தில் உப்புத் தொல்லை குறைவு. றெய்க்யாவிக்கில் 1930இல் மூன்று கிலோமீற்றர் குழாய் போட்டு ஒரு பாடசாலைக்கும் சில பத்து வீடுகளுக்கும் வெந்நீரையே நேராக அனுப்பினார்கள். இன்று அந்நாட்டு வீடுகளில் பத்தில் ஒன்பது பூமிச்சூட்டில்தான்.

சரி, திருகோணமலையில் யாருக்கு வேண்டும் இந்தச் சூடு? நமக்குத் தேவை குளிர். வெந்நீரைக் கொண்டே அறையைக் குளிராக்கும் இயந்திரமும் இருக்கிறது. ஆனால் வழக்கமாக அதற்கு 75 முதல் 90 பாகை நீர் வேண்டும். கன்னியாவில் கிடைப்பது 40ஐ ஒட்டித்தான். குளிக்க அது போதும்.