அகல எழுத்து கோப்பில் இறங்கும் விதம்

'தமிழ்' என்ற சொல்லைக் கண்ணால் எண்ணினால் மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள் (எழுத்துக்கூறு ஒவ்வொன்றுக்கும் உரிய எண்). ஒரு பைட்டில் அடங்காத எழுத்துகளை நினைவகத்தில் வைக்கச் சி நிரல்மொழி தரும் வகைதான் அகல எழுத்து (wchar_t). லினக்ஸில் அது ஒவ்வொன்றும் 4 பைட் என்பதால், சரத்தின் முடிவைக் காட்டும் இறுதிச் சுழியத்தை விட்டுவிட்டால், அச்சொல் நினைவகத்தில் 20 பைட் இடத்தைப் பிடிக்கிறது. அதையே அகல எழுத்துச் சரத்தைக் கோப்பில் எழுதும் எஃப்-புட்-டபிள்யூ-எஸ் (fputws) செயற்கூறால் எழுதிவிட்டுக் கோப்பை அளந்தால் 15 பைட்தான் தேறும். எழுதும்போது நடுவில் ஒரு மாற்றம் நிகழ்கிறது: குறியெண் ஒவ்வொன்றும் பைட் வரிசையாக உருமாறுகிறது. யூடிஎஃப்-8 முறையில் 'த' 224, 174, 164 என்ற மூன்று பைட்களாகக் கோப்பில் அமர்கிறது.

எந்த முறையில் மாற்றுவது என்பதை நிரலின் லோக்கேல், அதாவது மொழி, எழுத்துக் குறியாக்கம் முதலியவற்றின் அமைப்பு, முடிவு செய்கிறது. கணினியில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தாலும், சி நிரல் தொடங்கும்போது 'சி' என்ற அடிப்படை லோக்கேலிலேயே தொடங்கும். அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது. நிரல் தொடங்கும் மெயின் செயற்கூறின் முதல் வரியிலேயே செட்லோக்கேல் (setlocale) செயற்கூறை வெற்றுச் சரத்துடன் அழைத்தால்தான் கணினியின் அமைப்பு நிரலுக்குள் வரும். அந்த ஒரு வரி விடுபட்டால், சி மொழித் தரநிலையின்படி எழுதும் செயல் பிழையில் முடிய வேண்டும். லினக்ஸிலோ பெரும்பாலும் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசைகட்டி நிற்கும். எழுத்துருவைச் சந்தேகித்துப் பொழுதைக் கழிப்பதற்கு முன் இந்த வரியைத் தேடுவதே நல்லது.

அதைவிட நுட்பமானது ஸ்ட்ரீமின் (நிரல் கோப்புக்கோ திரைக்கோ தரவை அனுப்பும் வழியின்) நோக்குநிலை, அதாவது அது பைட்களுக்கா அகல எழுத்துகளுக்கா என்பது. 1995 இல் வந்த சி தரநிலைத் திருத்தம் இதை வகுத்தது. புதிதாகத் திறந்த ஸ்ட்ரீமுக்கு நோக்குநிலை கிடையாது. முதலில் நடக்கும் செயல் பைட்டா அகல எழுத்தா என்பதைப் பொறுத்து அது நிலைபெறும், மறுபடி திறக்கும்வரை மாறாது. லினக்ஸில் பைட்களாக எழுதும் பிரிண்ட்எஃப் கொண்டு ஒரு வரி அச்சிட்டுவிட்டு, அதே ஸ்ட்ரீமில் அகல எழுத்தாக எழுதும் டபிள்யூ-பிரிண்ட்எஃப் கொண்டு அடுத்த வரியை எழுதினால் இரண்டாவது வரி வராது. செயற்கூறு திருப்பித் தரும் எதிர்ம எண்ணைச் சோதிக்காதவருக்குக் காரணமும் புலப்படாது. மேலும், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையின் விதிப்படி ஸ்ட்ரீம் அகல நிலைக்கு வரும் தருணத்தில் இருந்த லோக்கேலின் குறியாக்கமே அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. பிறகு செட்லோக்கேலை அழைப்பதில் பயனில்லை.

விண்டோஸில் அகல எழுத்துக்கு 2 பைட்தான். அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால் 2019 இல் யூனிகோடு 12.0 சேர்த்த தமிழ்ப் பின்னக் குறிகள் அதற்குள் அடங்காதவை. அங்கே 1/320 ஐக் குறிக்கும் முந்திரிக்கு இரண்டு அகல எழுத்து இடம் வேண்டும். லினக்ஸில் ஒன்று என்று எண்ணிய நிரல் விண்டோஸில் அதே முந்திரியை இரண்டு என்று எண்ணும்.