கெண்ட் கோட்டை யாரைப் பயமுறுத்த எழுந்தது?

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இருக்கும் கெண்ட் நகரத்தில், டிராம் ஓடும் தெருவை ஒட்டியே ஒரு கோட்டை நிற்கிறது. பெயர் கிராவன்ஸ்டேன். 'பிரபுவின் கல்வீடு' என்று பொருள். வாசலுக்கு மேலே உள்ள லத்தீன் கல்வெட்டு, ஃபிளாண்டர்ஸ் பிரபு பிலிப் இதை 1180இல் கட்டினார் என்கிறது.

வெளிநாட்டுப் படைக்குப் பயந்து கட்டியதாகத் தோன்றும். ஆனால் பிலிப்பின் தலைவலி ஊருக்குள்ளேயே இருந்தது. கம்பளித் துணி வணிகத்தில் கொழுத்த கெண்ட் வணிகர்கள் உயரமான கல்வீடுகளைக் கட்டிக்கொண்டு பிரபுவையே அண்ணாந்து பார்க்க வைத்தார்கள். சரி, அவர்களைவிட உயரமாகக் கட்டினால் தீர்ந்தது! நடுக்கோபுரம் சுமார் 30 மீட்டர் உயரம்.

கெண்ட் வட்டாரத்தில் மணலும் களிமண்ணும்தான், பாறை கிடையாது. நீலம் கலந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் டூர்னே நகரத்துச் சுரங்கங்களிலிருந்து வந்தது. ஷெல்ட் ஆறு டூர்னேயைக் கடந்துதான் கெண்டுக்கு வருகிறது. மாட்டு வண்டியில் கல் ஏற்றினால் கூலியிலேயே பணம் கரைந்துவிடும். படகில் ஏற்றினால் பாதி வேலையை ஆறே பார்த்துக்கொள்ளும்.

கல்லைப் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல உள்வாங்கி மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. தடித்த சுவரின் உட்பகுதிக்குக் காற்று எளிதில் போகாததால் அங்கே சாந்து நெடுநாள் இறுகாமல் இருக்கும். இது ஒருவகையில் நல்லதுதான்: அடியில் மண் கொஞ்சம் அமிழ்ந்தாலும் சுவர் சட்டென்று பிளக்காமல் வளைந்து கொடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சுற்றுமதில். நேரான மதிலுக்கு ஒரு குறை உண்டு. எதிரி அடிச்சுவரோடு ஒட்டி நின்றுவிட்டால் மேலிருப்பவருக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தால் அம்பு தைக்கும். இங்கே முட்டை வடிவ மதிலிலிருந்து 24 சிறு கோபுரங்கள் வெளியே துருத்தி நிற்கின்றன. அதில் நிற்பவர் பக்கவாட்டில் மதிலின் முகப்பு முழுவதையும் பார்க்கலாம். துருத்திய தளத்தில் துளை விட்டால், தலையை வெளியே நீட்டாமலே நேர் கீழே கல்லைப் போடலாம். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல், தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகம் பிடித்திருக்கும். சினிமாவில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றுவார்கள்; எண்ணெய் விற்ற விலைக்குக் கல்லே போதும்.

ஒன்றை மறைக்கக் கூடாது: இன்று காண்பதில் கணிசமான பகுதி மறுகட்டுமானம். பிரபுக்கள் போன பின் இது நாணயச்சாலை, நீதிமன்றம், சிறை என்று மாறி, 19ஆம் நூற்றாண்டில் பஞ்சாலையாகவே ஆனது. இடித்துவிடலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. அப்புறம் நகராட்சி வாங்கிப் புதுப்பித்து 1907இல் திறந்தது. புதுப்பித்தவர்கள் கற்பனையையும் தாராளமாகக் கலந்தார்கள்.

ஆனாலும் இதன் பாதுகாப்பு அமைப்புக்கு 1949 நவம்பர் 16 அன்று ஒரு சோதனை வந்தது. பீர் விலை ஏறிய கோபத்தில் 138 மாணவர்கள் உள்ளே புகுந்து கதவை அடைத்துக்கொண்டு, மேலிருந்து போலீஸ் மீது அழுகிய பழங்களை எறிந்தார்கள். கெண்ட் மாணவர்கள் அந்த முற்றுகையை இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள்.