ஊர்வன முட்டைகளுக்கு வீட்டில் செய்யும் இன்குபேட்டர்: முட்டை வருமுன் சோதித்துப் பாருங்கள்

ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு, பொரியாமல் போன முட்டைகளைத் திறந்து பார்க்கும் வேலையும் அவ்வப்போது வந்து சேரும். அப்படி ஒருமுறை பால் பைத்தான் (ball python) என்னும் மலைப்பாம்பின் ஏழு முட்டைகளைத் திறந்தபோது, ஐந்தினுள் செதிலும் நிறமும் முழுமையாக வந்துவிட்ட குட்டிகள் சுருண்ட நிலையிலேயே இறந்து கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர் அக்கறை இல்லாதவர் அல்லர். தெர்மாகோல் பெட்டி, வெப்பக் கம்பி, வெப்பத்தை அளந்து மின்சாரத்தைத் தானே நிறுத்தி இயக்கும் தெர்மோஸ்டாட் எல்லாம் வாங்கி, முட்டைகளை அடைகாக்கும் இன்குபேட்டரைத் தாமே செய்து, 31.5 டிகிரி செல்சியஸில் வைத்து, நாள் தவறாமல் அளவைப் பார்த்து எழுதியும் வைத்திருந்தார். அந்தப் பெட்டியையும் வரவழைத்து, முட்டைகள் இருந்த இடத்தில் என் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 35 டிகிரி காட்டியது. தெர்மோஸ்டாட்டின் சென்சார், வெப்பக் கம்பி எட்டாத ஒரு மூலையில், மூடிக்கு அருகே ஒட்டப்பட்டிருந்தது. அந்த மூலை 31.5 டிகிரியை எட்டும்வரை முட்டைகள் வெந்துகொண்டிருந்தன.

தெர்மோஸ்டாட்டுக்குத் தன் சென்சாரின் நுனியில் உள்ள வெப்பம் மட்டுமே தெரியும். ஆகவே சென்சார் முட்டைகள் இருக்கும் உயரத்தில், அவற்றுக்கு மிக அருகில், நகராதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். அதனருகே தனியாக ஒரு வெப்பமானியும் வேண்டும். அந்த வெப்பமானியை நம்பலாமா என்பதை அறிய, நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த தண்ணீரில் அதன் நுனியைச் சில நிமிடங்கள் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு டிகிரி தள்ளிக் காட்டினால் அந்தப் பிழையை அதன்மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரு டிகிரியில் என்ன வந்துவிடும் என்று பலரும் கேட்கிறார்கள். பல ஊர்வனவற்றில் குட்டி ஆணா பெண்ணா என்பதையே அடைகாக்கும் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. இதை 1966-இல் மேடலின் சார்னியர் அகாமா ஓணானில் முதன்முதலில் எடுத்துக்காட்டினார். லெப்பர்ட் கெக்கோ என்னும் பல்லியின் முட்டைகளை 26 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய எல்லாம் பெண்ணாகவும், 32.5 டிகிரி அளவில் பெரும்பாலும் ஆணாகவும், அதற்கும் மேலே 34 டிகிரியைத் தாண்டினால் மீண்டும் பெண்ணாகவும் பொரிகின்றன. பல ஆமைகளில் குளிர்ந்த முட்டை ஆண், சூடான முட்டை பெண். பியர்டட் டிராகன் என்னும் ஓணான் வகையில் பாலினத்தைக் குரோமோசோம்களே முடிவு செய்கின்றன என்றாலும், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும்போது மரபணுப்படி ஆணாக இருக்க வேண்டிய கருவும் பெண்ணாக மாறக்கூடும். பைத்தான், கார்ன் ஸ்நேக் போன்ற பாம்புகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மிகுந்த வெப்பத்தில் முதுகெலும்பு வளைந்து பிறக்கும் குட்டிகளை அவற்றிலும் பார்த்திருக்கிறேன். எந்த இனத்தின் முட்டை என்று உறுதியாகத் தெரியாமல் பெட்டியைச் சூடேற்றத் தொடங்காதீர்கள்.

பெட்டியைப் பொறுத்தவரை, தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது தண்ணீர் முறை. தடித்த தெர்மாகோல் பெட்டியில் ஒரு சாண் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அதில் மீன்தொட்டி ஹீட்டரை மூழ்கவிட்டு, தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் இரண்டு செங்கற்களின்மேல் முட்டை டப்பாவை வைப்பது. தண்ணீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகவே ஆறுவதால் வெப்பம் தாவுவதில்லை, ஈரப்பதமும் தானாகவே கிடைக்கிறது. மின்சாரம் சற்று நேரம் நின்றாலும் அந்தத் தண்ணீரே முட்டைகளைக் காக்கும்; அப்போது மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் கெடுதல். சிறிது நேரம் குளிர்ந்துபோவதைக் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், அதிகச் சூட்டைத் தாங்காது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்து ஹீட்டர் வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடி வெடிக்கலாம் என்பதால் நீர்மட்டத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும். மின்கம்பிகள் செருகும் இடத்துக்குக் கீழே தொய்ந்து பிறகு மேலேறும்படி இருந்தால் வழியும் நீர் பிளக்கைத் தொடாது. மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாத இணைப்பில் இந்தப் பெட்டியை ஒருபோதும் ஓடவிடாதீர்கள். மூடியின் அடியில் திரளும் நீர்த்துளிகள் முட்டைமேல் சொட்டினால் முட்டை கெடும். டப்பாவின்மேல் ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்வாக வைத்தால் துளிகள் ஓரமாக வழிந்துவிடும். குண்டு பல்பை வெப்பத்துக்குப் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. காற்றை உலர்த்திவிடும், எப்போது ஃபியூஸ் போகும் என்றும் தெரியாது. செலவு செய்ய முடிந்தால் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை ஒரு டிகிரி கூடுதலாக வைத்து அதே இணைப்பில் தொடராகச் சேருங்கள். முதலாவது பழுதாகி ஹீட்டர் அணையாமல் நின்றுவிட்டால் இரண்டாவது துண்டித்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் பெட்டியை ஒரு வாரமாவது வெறுமையாக ஓடவிட்டு, காலை, மதியம், இரவு என அளவுகளை எழுதுங்கள். அறையின் வெப்பம் ஏறி இறங்கும்போது பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது அந்தத் தாளில்தான் தெரியும். அரை டிகிரிக்கு மேல் ஆடினால் சென்சாரின் இடத்தை மாற்றி மறுபடி தொடங்குங்கள்.

முட்டை டப்பாவில் எடைக்கு எடை தண்ணீர் சேர்த்த வெர்மிகுலைட்டை (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) இடலாம். கையில் அழுத்தினால் உருண்டையாகச் சேர வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. முட்டையைப் பாதியளவு அதில் பதித்து வையுங்கள். கோழி முட்டையைப் போல இதைத் திருப்பக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. பறவை முட்டையின் மஞ்சள் கருவை இருபுறமும் பிடித்துக்கொண்டிருக்கும் முறுக்கிழைகள் ஊர்வன முட்டையில் இல்லை; முட்டையிட்ட ஓரிரு நாட்களுக்குள் கரு மேற்புறத்து ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். பிறகு கவிழ்த்தால் கரு நசுங்கியோ பிய்ந்தோ இறந்துபோகும். எடுக்கும்போதே மேற்புறத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்; ஒட்டிக்கொண்டிருக்கும் பாம்பு முட்டைகளைப் பிரிக்காதீர்கள். காட்டில் கண்ட முட்டைகளுக்கு இந்தப் பெட்டி வேண்டாம்; அவற்றை எடுப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம், எடுக்கும்போதே புரண்டு இறந்துபோவதும் உண்டு.

வாரத்துக்கு ஒருமுறை டப்பாவின் மூடியை ஒரு நிமிடம் திறந்து காற்று மாற்றினால் போதும். இருட்டறையில் சிறு டார்ச்சின் ஒளியை ஓட்டின்மேல் வைத்தால் சிவந்த நரம்புகள் வலைபோலத் தெரியும். அது உயிருள்ள முட்டை. மென்மையான ஓடு நடுக்காலத்தில் குழிந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். முட்டைமேல் தெளிக்காமல், ஓரத்து வெர்மிகுலைட்டில் வெதுவெதுப்பான நீரைச் சிறிது விடுங்கள். பொரியும் தறுவாயிலும் ஓடு சற்றுக் குழிவது உண்டு, அது இயல்பு.

ஓட்டைக் கீறி மூக்கை நீட்டிய குட்டி அப்படியே ஒன்றிரண்டு நாள் இருக்கும். மிச்சமுள்ள மஞ்சள் கருவை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. அவசரப்பட்டு இழுத்துவிட்டு, தொப்புளில் மஞ்சள் பை தொங்க, இரத்தம் கசியும் குட்டியைக் கைக்குட்டையில் ஏந்தி வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அப்படி வெளியே வந்துவிட்டால் பையை வெட்டவோ உள்ளே தள்ளவோ முயலாமல், ஈரமான சுத்தமான துணிமேல் குட்டியை வைத்து, அதே டப்பாவுக்குள் அதே வெப்பத்தில் விட்டு, மருத்துவரை அழையுங்கள்.