மீன் சாப்பிட்டவர் எலும்புக்கு வயது கூடும்

பழைய எலும்பிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்து, கார்பன் காலக்கணிப்புக்குத் தயார் செய்வதுதான் என் வேலை. மாதிரி அனுப்புகிறவர்கள் எல்லாருமே "எத்தனை வருஷம்?" என்றுதான் கேட்கிறார்கள். செத்தவர் என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்பதில்லை. கடலோர எலும்பென்றால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

வயதைச் சொல்வது கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன்: உயிர் போனபின் அது குறைந்துகொண்டே போகும், குறையக் குறைய எலும்பின் வயது கூடுதலாகத் தெரியும். அது காற்றில் உருவாகிச் செடிக்கும், செடியைத் தின்ற ஆட்டுக்கும், ஆட்டைத் தின்ற நமக்கும் வந்து சேர்கிறது. கடலில் கதை வேறு. ஆழத்தில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்து கார்பன் 14 குறைந்துபோன தண்ணீர் மேலே வந்து கலப்பதால், 1950களின் அணுகுண்டு சோதனைகளுக்கு முன் பிடித்த மீனை அளந்தால்கூட, சராசரியாக 400 ஆண்டுக்கு முன்பே செத்தது போலத்தான் காட்டும். பாதி உணவு கடலிலிருந்து வந்தவருக்கு ஏறக்குறைய 200 ஆண்டு கூடிவிடும். சராசரி என்பதும் பேச்சுக்குத்தான், கடலுக்குக் கடல் இது மாறும்.

இங்கிலாந்தில் ரெப்டன் என்று ஓர் ஊர். கடலோரமே கிடையாது. அங்கே 1980களில் தோண்டியபோது குறைந்தது 264 பேரின் எலும்புகள் ஒரே மேட்டுக்கடியில் குவியலாகக் கிடைத்தன. கூடவே கிடைத்த நாணயங்கள் 870களைச் சேர்ந்தவை, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங் பெரும்படை அங்கே குளிர்காலம் தங்கியதோ 873இல். எல்லாம் பொருந்துகிறதே என்று பார்த்தால், கார்பன் தேதிகளில் சில 7ஆம், 8ஆம் நூற்றாண்டுக்குப் போய்விட்டன. சரி, பழைய கல்லறை எலும்புகளும் கலந்திருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். 2018இல்தான் தொல்லியலாளர் கேட் ஜார்மன் குழு, அவர்கள் உண்ட மீனைக் கணக்கில் சேர்த்து, எல்லாமே 9ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்தும் என்று காட்டியது. படை உள்நாட்டுக்கு வந்தாலும் கடல் அவர்கள் எலும்பிலேயே கூட வந்திருந்தது!

எவ்வளவு மீன் என்பதை எப்படி அறிவது? கொலாஜனில் கார்பன் 13 (இது சிதையாத கார்பன் வகை) அளவு, ஒரு பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்ற கணக்கில், அரிசி கோதுமை உண்டவருக்கு மைனஸ் 20 பக்கமும், கடலுணவே உண்டவருக்கு மைனஸ் 12 பக்கமும் இருக்கும். நம்மூரில் இதில் ஒரு சிக்கல்: கம்பும் சோளமும் கேழ்வரகும் உண்டவருக்கும் அந்த அளவு மீன் பக்கமே சாயும். கூழ் குடித்த விவசாயியை மீனவர் என்று நினைத்து நூற்றாண்டுகளைக் கழித்துவிடலாம். அதனால், கடல் மீன் உண்டவருக்குக் கூடுதலாக இருக்கும் நைட்ரஜன் 15ஐயும் சேர்த்துப் பார்க்காமல் எந்தத் திருத்தத்தையும் நான் நம்புவதில்லை. வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்கும் மண்ணில் கொலாஜன் மிஞ்சுவதே அதிர்ஷ்டம், அது தனிக் கதை.

இன்னொன்று. உதிராமல் இருக்கட்டும் என்று குழியிலேயே பசை தடவிய எலும்புகள் ஒருமுறை எங்களிடம் வந்தன. பெட்ரோலியத்தில் செய்த பசையில் கார்பன் 14 துளியும் கிடையாது, அது வயதை இன்னும் கூட்டும். எவ்வளவு கழுவியும் மனசு ஒப்பாமல் பெட்டியைத் திருப்பி அனுப்பினோம். பசை டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு விரல்நீளத் துண்டை அலுமினியத் தாளில் சுற்றித் தனியே வையுங்கள், அதே குழியில் மீன் தின்னாத ஆட்டின் எலும்பு கிடைத்தால், ஒப்பிட்டுப் பார்க்க அதையும் கூடவே.